பார்த்த அளவில் இறுக்கம் இல்லை

பட்சோய் சாப்பிட்டுவிட்டு வந்தவளை அப்போதே வீட்டுக்கு விரட்டியிருக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறேன். வெறும் வயிற்றோடு வரச் சொன்ன நாளில், இலோய்லோவில் எங்கள் மருத்துவமனை ஸ்கேன் அறை வாசலில், உதட்டில் எண்ணெய் மினுமினுக்க யாராவது வந்து நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "திங்கக்கிழமை வாங்க, பட்டினியா வாங்க" என்று கதவைச் சாத்திவிடுவேன். தெல்மா என்கிற எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். அந்த ஜனவரிச் சனிக்கிழமை மட்டும் நான் கதவைச் சாத்தவில்லை. வந்தது கிரெட்செல், என் ஞானமகள்.

இருபத்தேழு வயது. மோலோ தேவாலயத்தில் அவள் தலையில் தண்ணீர் ஊற்றியபோது மெழுகுவர்த்தி பிடித்து நின்றவள் நான். அவள் அம்மா மாரிவிக்கும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அந்த ஞானஸ்நானத்துக்குப் பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'மாரே' என்றுதான். கிரெட்செலுக்கு நான் 'நினாங்', ஞானத்தாய். எங்கள் ஊரில் நினாங் என்றால் கிறிஸ்துமஸுக்குப் பரிசு கொடுப்பவள் மட்டுமல்ல. பள்ளியில் இடம், வேலைக்குச் சிபாரிசு, கல்யாண விருந்துக்குப் பன்றி என்று எது வேண்டுமானாலும் முதலில் தட்டுகிற கதவு அவளுடையது. தட்டினால் திறந்தாக வேண்டும்.

மூன்று வருடம் அலைந்து கிரெட்செலுக்கு ஒரு சொகுசுக் கப்பலில் கேக் செய்யும் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மணிலாவுக்கு விமானம், புதன்கிழமை மயாமி. நடுவில் ஒரே ஒரு காகிதம் குறுக்கே நின்றது. கப்பல் கம்பெனிக்காகப் பரிசோதனை செய்யும் கிளினிக்கில் அவள் ரத்த அழுத்தம் நூற்று எழுபது காட்டியிருந்தது. இந்த வயதில் இவ்வளவு ஏறினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் இறுகியிருக்கலாம், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் செய்து சுத்தம் என்று எழுதி வாங்கி வா, அப்புறம் முத்திரை குத்துகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"சாப்பிட்டியா?" என்றேன். ஊரில் அது நலம் விசாரிக்கிற கேள்வி. என் வாசலில் அது போலீஸ் விசாரணை.

கிரெட்செல் அம்மாவைப் பார்த்தாள். மாரிவிக் முந்திக்கொண்டாள். "ஒரே ஒரு கிண்ணம்தான் மாரே. லா பாஸ் சந்தைல. வெறும் வயித்தோட உன் வாசல்ல மயங்கி விழுந்தா யாரு தூக்கறது? நீ தூக்குவியா, உன் முதுகுவலியோட?"

"கிண்ணத்துல என்னென்ன இருந்துச்சு?"

"பட்சோய்ல என்ன இருக்கும்? நூடுல்ஸ், குடல், ஈரல், எலும்பு மஜ்ஜை, ஒரு முட்டை."

"சூப் ரெண்டாவது தடவையும் வாங்கினேன் நினாங்," என்றாள் கிரெட்செல். "அது சும்மாதானே ஊத்துறாங்க."

முந்தின நாள் வழியனுப்பு விருந்தில் முழுப் பன்றியும் பன்சிட் நூடுல்ஸும் வேறு. அந்த வயிற்றுக்குள் எவ்வளவு காற்று இருக்கும் என்று கணக்குப் போட எனக்கு இயந்திரம் தேவையில்லை. ஒலி அலை காற்றைத் தாண்டாது. குடலில் காற்று நிறைந்திருந்தால் அதற்குப் பின்னால் இருக்கிற எதுவும் திரையில் வராது. திட்டிக்கொண்டேதான் படுக்கச் சொன்னேன்.

ஸ்கேனுக்கு முன்னால் ரத்த அழுத்தம் பார்ப்பது எங்கள் வழக்கம். பட்டையை எடுத்தபோது அவள் இடது கையை நீட்டினாள்.

"வலது கை குடு."

"இது நல்ல கை நினாங். வலது பொல்லாதது, நூத்தி எழுபது காட்டும். இது நூத்தி நாப்பதத் தாண்டவே தாண்டாது. எர்னிங் மாமா சொல்லித்தான் எனக்கே தெரியும். மெடிக்கல்ல எப்பவும் நல்ல கையத்தான் நீட்டணுமாம்."

எர்னிங் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர், முப்பது வருடம் எண்ணெய்க் கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருக்களில் வீட்டுக்கு ஒரு கப்பல்காரர். மெடிக்கலைத் தாண்டும் வித்தைகள் எல்லாம் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். பரிசோதனைக்கு முன் அரை மணி படு, காபி தொடாதே, நல்ல கையைக் கண்டுபிடி, மருந்துக்கடையில் ஒன்றிரண்டாக மாத்திரை வாங்கிப் போடு.

"மாத்திரையும் குடுத்தாரா?"

"லோசார்டன், பிரஷர் மாத்திரை. ரத்தம் எடுத்த அன்னைக்கு அப்புறம் ஆரம்பிச்சேன், நாலு நாளாச்சு. தினம் ஒண்ணு."

இரண்டு கைகளுக்கும் நடுவில் முப்பது வித்தியாசம். எந்த ஆரோக்கியமான உடம்பிலும் ஒரு கை நல்ல கையாகவும் இன்னொன்று பொல்லாத கையாகவும் இருப்பதில்லை. இடது கைக்குப் போகும் குழாயும் இறுகியிருக்கிறது, உடம்பின் பெரிய குழாய்களே உள்ளுக்குள் புண்ணாகி வீங்கிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் அதன் அர்த்தம். அதைத்தான் அந்தப் பெண் தமாஷாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "உங்க எர்னிங் மாமாவுக்கு டாக்டர் பட்டம் குடுக்கணும்" என்றேன்.

ஜெல் தடவி, கருவியை வயிற்றில் வைத்து அழுத்தினேன். மகாதமனியும், அதிலிருந்து இரண்டு சிறுநீரகங்களுக்கும் கிளை பிரிகிற வாயும் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் புகை. மூச்சை இழுக்கச் சொன்னேன், விடச் சொன்னேன், பிடிக்கச் சொன்னேன், பக்கவாட்டில் திருப்பினேன். வாய் இரண்டும் தெரியவே இல்லை. இடுப்புப் பக்கமாகப் போனால் சிறுநீரகம் தெரியும், அங்கே காற்றுக்கு வேலையில்லை. போனேன். வலது சிறுநீரகத்துக்குள் ஒரு சின்ன ரத்தக்குழாயில் குறி வைத்தேன்.

நல்ல சிறுநீரகத்துக்குள் ரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் சட்டென்று பாயும். திரையில் கோடு செங்குத்தாக ஏறும். வழியில் எங்கோ குழாய் இறுகியிருந்தால் அதே கோடு சாய்ந்து, தயங்கித் தயங்கி ஏறி, மொட்டையாக வழிந்துவிடும். சத்தமும் மாறும். வெட்டி வெட்டிக் கேட்க வேண்டியது, பெருமூச்சு மாதிரி கேட்கும். கிரெட்செலின் வலது சிறுநீரகம் பெருமூச்சு விட்டது. இடதுக்குப் போனேன். அது இன்னும் மோசம், அளவிலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சின்னது. இரண்டிலும் மேலே, நடுவில், கீழே என்று ஆறு இடத்தில் பார்த்தேன். ஆறிலும் அதே கோடு.

 அப்போதே எனக்குத் தெரியும். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் எனக்காக வாதாட வேண்டாம்.

"மாரே, திங்கக்கிழமை பட்டினியா கூட்டிட்டு வா," என்றேன். "காத்து மறைக்குது. குழாயோட வாயே தெரியல."

"திங்கக்கிழமை அவ மணிலால இருக்கணும்."

"அடுத்த கப்பல்ல போகட்டும்."

"அடுத்த கப்பலா? ஜீப்னின்னு நெனச்சியா, இது போனா பின்னாடி ஒண்ணு வர?" மாரிவிக்கின் குரல் உடைந்தது. "அவங்கப்பா போனதுலேர்ந்து அந்த வீட்ல நல்லதுன்னு ஒண்ணு நடந்திருக்கா? நீயே சொல்லு. இது ஒண்ணுதான் மாரே."

"தெரியாதத எப்படித் தெரிஞ்ச மாதிரி எழுதறது?"

"தெரிஞ்ச வரைக்கும் எழுது. நான் உன்னப் பொய் சொல்லச் சொன்னேனா?"

கிரெட்செல் வயிற்றைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள், சின்ன வயதில் பள்ளி நாடகத்துக்குச் சிறகு வாங்கித் தரச் சொல்லிப் பார்த்த மாதிரியே. பாசத்தால் மட்டும் எழுதினேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். வெளியே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் இடுப்பு வலித்தது. பசித்தது. கெஞ்சுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும், எரிச்சல் வந்தால் எப்படியாவது முடித்துத் தொலைக்கத் தோன்றும்.

எங்கள் வேலையில் ஒரு விஷயம் உண்டு. பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்து அறிக்கையில் கையெழுத்துப் போடுகிற டாக்டர் சல்செதோ நோயாளியைப் பார்ப்பதில்லை. நான் எந்தப் படத்தைச் சேமிக்கிறேனோ அதை மட்டும்தான் பார்ப்பார். ஆறு கோடுகளில் ஒன்றைக்கூட நான் சேமிக்கவில்லை. சிறுநீரகத்தின் வெளித்தோற்றம் இரண்டு, காற்றுக்கு நடுவில் வலது குழாயின் ஒரு துண்டு தெரிந்த படம் ஒன்று. கீழே தட்டெழுதினேன்: 'இரு பக்கச் சிறுநீரகத் தமனிகளிலும், பார்த்த அளவில், இறுக்கம் இல்லை.'

தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சொல்லிலும் குற்றம் இல்லை. அரை மணியில் கையெழுத்தாகி வந்தது. கிளினிக்காரர்கள் கடைசி இரண்டு சொல்லை மட்டும் படித்து முத்திரை குத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. நாங்கள் பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே வேன் வந்துவிட்டது. கிரெட்செல் எல்லோரையும் கட்டிக்கொண்டு ஓடினாள். சாப்பாட்டின் நடுவில் யாராவது பயணம் கிளம்பினால் மிச்சம் இருப்பவர்கள் தங்கள் தட்டை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் போகிறவருக்கு ஆகாது என்பார்கள். நான் அதையெல்லாம் கேலி செய்கிறவள். அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் என் தட்டைச் சுற்றினேன். எர்னிங் பார்த்துவிட்டார். "என்ன தெல்மா, நீ கூடவா?" என்று சிரித்தார்.

"நூறு மாத்திரை வாங்கிக் குடுத்திருக்கேன்," என்றார் பிறகு, பெருமையாக. "ஒரு கான்ட்ராக்டுக்குப் பாதியாவது ஓடும். பிரஷர் ஏறினா ரெண்டா போடச் சொல்லியிருக்கேன்."

 அந்த மாத்திரை கோடிப் பேருக்கு நல்ல மருந்து. ஆனால் இரண்டு பக்கமும் குழாய் இறுகியவர்களுக்கு அது எமன். வருகிற கொஞ்ச ரத்தத்தை வைத்துக்கொண்டு சிறுநீரகம் தன்னால் ஆன அழுத்தத்தைக் கொடுத்து எப்படியோ வேலையை ஓட்டிக்கொண்டிருக்கும். இந்த மாத்திரை அந்த அழுத்தத்தைத்தான் எடுத்துவிடும். ஐந்து வருடம் முன்பு ஒரு பள்ளி ஆசிரியை அப்படித்தான் வந்தார், பத்தே நாளில் இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய். அவருக்கு ஸ்கேன் பார்த்தவளும் நான்தான்.

திங்கட்கிழமை காலை மாரிவிக்குக்குப் போன் செய்தேன்.

"மாரே, அவ அந்த மாத்திரையப் போடக் கூடாது. மணிலால ஒரு தடவ மறுபடி பாக்கச் சொல்லு."

"இப்பதான் முத்திரை குத்தி வாங்கிட்டு வந்திருக்கு பிள்ள."

"எனக்கு மனசு சரியில்ல."

"பயணம் போற பிள்ளையப் பத்தி அபசகுனமா ஒரு வார்த்த பேசாத, சொல்லிட்டேன்!" என்று போனை வைத்துவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட எனக்கு விரல் இல்லையா என்ன?

கப்பல் ஏறிய பிறகு கிரெட்செலிடமிருந்து குறுஞ்செய்திகள் வந்தன. எங்களுக்குக் காலை, அவளுக்கு வேலை முடிகிற நேரம். "நினாங், கப்பல் நம்ம மோலோ பிளாசாவ விடப் பெருசு. ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் கேக் துண்டு வெட்டறோம். கனவுல கூட க்ரீம் தடவறேன்."

நான் பதில் எழுதினேன். "மாத்திரைய நிறுத்து. கப்பல் டாக்டரப் போய்ப் பாரு. ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லு."

"ஏன் நினாங்? ஒண்ணுமில்லன்னு நீங்கதானே எழுதினீங்க. டாக்டர்கிட்ட போனா பொல்லாத கைல பிரஷர் பாத்துடுவாங்க. அடுத்த துறைமுகத்துல எறக்கி விட்டுடுவாங்க. இலோய்லோவுல நீங்க பாத்துச் சொன்னா தப்பாதுன்னு எல்லாரும் சொல்வாங்களே, இப்ப நீங்களே பயந்தா எப்படி?"

உண்மையை மூன்று தடவை தட்டெழுதினேன். மூன்று தடவையும் அழித்தேன். கடைசியில் அனுப்பியது இதுதான்: "சும்மா, ஒரு ஜாக்கிரதைக்கு." அவள் ஒரு முத்தம் அனுப்பினாள்.

ஏழு நாள் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். ஸ்கேன் அறையில் ஒவ்வொரு வயிற்றிலும் கருவியை வைக்கும்போது கோடு செங்குத்தாக ஏறினால் எனக்குக் கோபம் வந்தது. எழுபது வயது மீனவர் ஒருவருக்கு அவ்வளவு அழகான கோடு. இந்தக் கிழவருக்கு எதற்கு இவ்வளவு நல்ல ரத்தக்குழாய் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதில் எனக்கு இன்றும் வெட்கம்.

எட்டாம் நாள் காலை செய்தி வந்தது. "கால் வீங்கிப் போச்சு நினாங், சூபர்வைசரோட ஷூவப் போட்டுக்கிட்டு நிக்கறேன். படுத்தா மூச்சு முட்டுது, ஏசி ஒத்துக்கல போல. பிரஷர் ஏறுது, ரெண்டு மாத்திரை போடறேன். ஒரு நல்லது சொல்லவா? இங்க பாத்ரூம் போகக் கூட அனுமதி கேக்கணும், எல்லாரும் புலம்பறாங்க. எனக்கு அந்தத் தொல்லையே இல்ல. ரெண்டு நாளா ஒண்ணுக்கே வரல!" பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் மூன்று மஞ்சள் முகங்கள்.

நான் எழுந்து நேராக டாக்டர் சல்செதோவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், பட்சோய் முதல் அந்த ஆறு கோடுகள் வரை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"படம் எங்க?"

"சேமிக்கல டாக்டர்."

"ஆறுல ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல."

"என் கையெழுத்து அதுல இருக்கு தெல்மா," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஆஸ்பத்திரி கமிட்டிக்கு எழுதறேன், அது அப்புறம். முதல்ல கிளினிக்குக்குச் சொல்லணும்." ஸ்கேன் முழுமையாக இல்லை, உடனே மறுபடி பார்க்க வேண்டும் என்று அங்கேயே கடிதம் எழுதினார். போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, தினக்யாங் திருவிழா தொடங்கிவிட்டது. கிளினிக் செவ்வாய்க்கிழமைதான் திறக்கும்.

தெரு முழுக்க முரசு. உடம்பெல்லாம் கரி பூசி இறகு கட்டிய பையன்கள் குழந்தை இயேசுவின் பேரைக் கூவி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜீப்னி ஓடவில்லை. மோலோ வரை நடந்தேன். ஒவ்வொரு முரசடியும் எனக்கு டாப்ளர் சத்தமாகவே கேட்டது. செவ்வாய்க்கிழமை வரை அந்தப் பெண் தாங்குவாளா என்பதைத் தவிர வேறு எண்ணமே இல்லை. கப்பல் கம்பெனி ஏஜென்சியின் அவசர நம்பர் வேண்டும். அது மாரிவிக்கிடம்தான் இருந்தது.

மாரிவிக் வாசலில் சிவப்புக் காகிதக் கொடி கட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நம்பர் தர மாட்டேன்," என்றாள். "நீ ஏதாவது சொல்லி அவளத் திருப்பி அனுப்பிடுவே. உனக்குப் பிள்ளை இல்ல, உனக்கு இதெல்லாம் தெரியாது."

அந்த அடியை வாங்கிக்கொண்டேன். போனை எடுத்துக் கிரெட்செலின் செய்தியைக் காட்டினேன். படித்தாள். கடைசி வரியில் அவளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுக்கு வராதது… அது கெட்டதா மாரே?"

"கிட்னி நின்னுக்கிட்டிருக்கு. இப்படியே விட்டா நாலஞ்சு நாள்."

"நாலஞ்சு நாள்னா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் உள்ளே போய் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துக் கொண்டுவந்தாள்.

மணிலாவில் ஒரு பையன் போனை எடுத்தான். நான் இன்னார், கிரெட்செலுக்கு ஸ்கேன் பார்த்தவள், அந்த ஸ்கேன் செல்லாது, அவளுக்குச் சிறுநீர் நின்றுவிட்டது, இந்த நிமிடமே கப்பல் டாக்டர் ரத்தம் பார்க்கட்டும் என்றேன். "ஸ்கேன் ஏன் செல்லாது மேடம்?" என்று கேட்டான். மாரிவிக் என் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். "காத்து மறைச்சுடுச்சு" என்றேன்.

மாரிவிக் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பட்சோய்தான்," என்றாள். "நான் வாங்கிக் குடுத்தேனே. நான்தானே வாங்கிக் குடுத்தேன்." தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

கப்பல் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்த அன்றே அவளை மெக்சிகோவில் ஒரு துறைமுகத்தில் இறக்கினார்கள். ரத்தத்தில் கழிவு பத்து மடங்கு. நுரையீரலில் தண்ணீர். அங்கே பதினெட்டு நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்து, சக்கர நாற்காலியில் ஊருக்கு அனுப்பினார்கள். மாத்திரையை நிறுத்தியதும் கொஞ்சம் சிறுநீர் இறங்க ஆரம்பித்திருந்தது. எவ்வளவு பிழைக்கும் என்று யாருக்கும் தெரியாது. சிறுநீரக டாக்டர் சொன்னார்: குழாயைப் பலூன் வைத்துத் திறக்கலாம், ஆனால் எந்தப் பக்கம் இன்னும் உயிர் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். சாயம் செலுத்தும் சோதனை இந்தச் சிறுநீரகத்துக்கு விஷம். டாப்ளர்தான் வழி.

சிறுநீரகத் தமனிக்கு டாப்ளர் பார்க்கத் தெரிந்தவள் எங்கள் மருத்துவமனையில் நான் ஒருத்திதான். என் மேல் கமிட்டி விசாரணை அடுத்த மாதம் என்று தேதி போட்டிருந்தார்கள். அதுவரை வேலை பார், ஒவ்வொரு படத்தையும் சேமி, டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பார் என்று உத்தரவு. விசாரணை எதற்கென்று வெளியே யாருக்கும் தெரியாது.

கிரெட்செல் வந்தாள். பதினாலு மணி நேரப் பட்டினி. கன்னம் ஒட்டியிருந்தது, கழுத்தில் குழாய் செருகிக் கட்டுப் போட்டிருந்தது. மாரிவிக் வெளியே பெஞ்சில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். அவளை உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. டாக்டர் சல்செதோ என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"எவ்ளோ ஒல்லியாயிட்டேன் பாருங்க நினாங்," என்றாள் கிரெட்செல். "இப்ப எல்லாம் பளிச்சுனு தெரியும்."

தெரிந்தது. மகாதமனி, வாய் இரண்டும், எல்லாம் பாடப்புத்தகத்தில் போல. இடது குழாயில் ஓட்டமே இல்லை. சிறுநீரகம் ஏழு சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிட்டது. அது போய்விட்டது, திரும்பாது. வலது பக்கம் வாயில் குறி வைத்தபோது சத்தம் விசில் மாதிரி கூவியது. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போக வேண்டிய ரத்தம் நாலு மீட்டரில் பீறிட்டது. அவ்வளவு சின்ன ஓட்டை. ஆனால் அதற்கு அப்பால் சிறுநீரகம் முழு அளவில் இருந்தது, உள்ளே ரத்தம் மெதுவாகவாவது ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் என் தோளைத் தொட்டார். "வலது காப்பாத்தலாம்," என்றார் மெல்ல. "ஒண்ணாவது மிஞ்சும்."

சேமித்தேன். ஒவ்வொரு படத்தையும் சேமித்தேன்.

"அம்மா தினம் அழறா நினாங்," என்றாள் கிரெட்செல், கூரையைப் பார்த்துக்கொண்டே. "தன்னாலதான்னு. நான் சொல்றேன், யாரும் வேணும்னு செய்யலம்மா, நினாங்குக்கே தெரியல, காத்துதான் மறைச்சுதுன்னு. நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பா." பிறகு தலையை என் பக்கம் திருப்பினாள். "அன்னைக்குக் காத்துதானே நினாங்?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை அவளே என் கையில் எடுத்துக் கொடுத்திருந்தாள். டாக்டர் அசையாமல் நின்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாரிவிக்கின் குனிந்த தலை தெரிந்தது.

"குழாயோட வாய்தான் காத்துல மறைஞ்சுது," என்றேன். "கிட்னிக்குள்ள தெரிஞ்சுது கிரெட்செல். ரெண்டு பக்கமும் இறுகியிருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் அப்படி எழுதினேன். உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். கோபமோ அழுகையோ வரும் என்று காத்திருந்தேன். இரண்டும் வரவில்லை. முகத்தை மறுபடி கூரைக்குத் திருப்பி, வயிற்றிலிருந்து நழுவிய துணியை இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

"மூச்சப் பிடிக்கணுமா, மேடம்?" என்றாள்.

பிடிக்க வேண்டும் என்றேன். பிடித்தாள்.